செம்மலின் கடிதங்கள்

வ.உ.சிதம்பரனார் என்றதும் நம் கண்முன் நிற்பவை கப்பலும் செக்குமே. 1872 இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்து, 1906 இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டு, 1908 இல் இரட்டை ஆயுள் தண்டனை பெற்ற வரலாற்றைப் பள்ளிப் பிள்ளையும் ஒப்பிக்கும். நான் சொல்ல வந்தது அப்பெருமகனார் எழுதிய சில கடிதங்களைப் பற்றி.

அதற்கு முன் என் வீட்டுச் செய்தி ஒன்று. சவ்வாது மலை அமிர்திதான் என் ஊர். என் சிறு வயதில் அப்பா காப்பித் தோட்ட வேலைக்குக் குடகு போய்விடுவார். மணியார்டர் வரத் தாமதமானால், அம்மா சொல்லச் சொல்ல நான் கடிதம் எழுதுவேன். ஆடு ஈன்றது, சாமை அறுத்தது எல்லாம் சொல்லி முடித்து, கடைசி வரியில்தான் பணம் என்ற சொல் வரும். கட்டிய கணவனிடம் கேட்கவே அத்தனை தயக்கம்!

சிதம்பரனார் 1912 டிசம்பரில் விடுதலையானபோது கம்பெனியும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் குடும்பத்தோடு வறுமையில் வாடினார். 1915 ஏப்ரலில் காந்தியடிகள் சென்னைக்கு வந்தார். தென்னாப்பிரிக்க இந்தியர் சிதம்பரனாருக்கென்று தந்த பணம் ஒன்று உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆனால் தொகை எவ்வளவு, தந்தவர் யார் என்பது அடிகளுக்கே நினைவில்லை. விசாரித்து அறிய வேண்டியதாயிற்று. மாதங்கள் உருண்டன.

இருவரும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்ட கடிதங்கள் இன்று நூலாகக் கிடைக்கின்றன. சிதம்பரனார் தம் நிலையை ஒளிக்கவில்லை. தென்னாப்பிரிக்க நண்பர்களின் உதவியால்தான் தம் குடும்பம் நடக்கிறது என்கிறார். இந்நிலையில் இப்பணத்தை மறுப்பது தமக்கும் தம் குடும்பத்துக்கும் செய்யும் தவறாகும் என்கிறார். கெஞ்சல் இல்லை, முகமன் இல்லை. காந்தியடிகளோ தாம் கற்றுவந்த தமிழிலும் சில சொற்கள் எழுதிப் பார்க்கிறார்! கப்பல் விட்டவர், அடிகளை விடியற்காலையில் சந்திப்பதற்கு டிராம் வண்டி நேரத்தைக் கணக்கிட்டு எழுதும் இடத்தில் நான் புத்தகத்தைச் சற்று மூடி வைத்தேன்.

இத்தனைக்கும், 1920 இல் ஒத்துழையாமைத் திட்டம் வந்தபோது அதை ஏற்க மனமின்றிக் காங்கிரசிலிருந்து விலகினார். உதவி பெற்றவர் ஒத்துப்போக வேண்டும் என்பது உலக வழக்கு, அவர் அதற்குட்பட்டவரல்லர். நன்றி மறந்தவரும் அல்லர். பின்னர் சன்னது மீளக் கிடைக்கத் துணைநின்ற வாலஸ் என்னும் வெள்ளைக்கார நீதிபதியின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார்.

சென்ற விடுமுறையில் இக்கதையை அம்மாவிடம் சொன்னேன். கப்பலைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பணம் கடைசியில் வந்ததா என்றுதான் கேட்டார். வந்தது, 1916 தொடக்கத்தில், 347 ரூபாய் 12 அணா என்றேன். பன்னிரண்டணாவா என்று இன்னொரு முறை கேட்டுக்கொண்டார்.