சோதனை விமானி சுரஞ்சன் தாஸ்

பெங்களூருக்குச் சென்றுவரும் நம் மாவட்டத்தார் பலர், அந்நகரின் கிழக்குப் பகுதியிலுள்ள சுரஞ்சன் தாஸ் சாலையைக் கடந்திருப்போம். அவர் யாரென்று நாம் கேட்டதில்லை.

இந்தியத் தலைமை நீதிபதியாயிருந்த சுதிரஞ்சன் தாஸின் மைந்தர் அவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானப்படையில் சேர்ந்தார். போர் ஓய்ந்தபின் வாய்த்ததோ வேறு பணி. இங்கிலாந்தில் சோதனை விமானிகளுக்கான பள்ளியில் பயின்று, பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் பொறியாளர்களோடு உழைத்தார். அவர்கள் தாளில் கணக்கிட்டதை இவர் வானில் சரிபார்ப்பார். எந்த வேகத்தில் விமானம் நடுங்குகிறது, எப்போது கைப்பிடி கனக்கிறது என்பதை மனத்திற் கொண்டு, இறங்கியதும் பிசகாமல் சொல்லவேண்டும். வெறும் துணிச்சல் இதற்குப் போதாது!

ஜெர்மானிய நிபுணர் குர்ட் டாங்க் தலைமையில் அங்கு உருவானது மாருத். நம் நாட்டில் வடிவமைத்த முதல் ஜெட் போர் விமானம். 1959-இல் அதே அளவில் மரத்தால் கிளைடர் செய்து, டகோட்டா விமானத்தால் இழுத்துச் சென்று, வானில் அவிழ்த்துவிட்டுச் சோதித்தனர். 1961 ஜூன் 17-இல் உண்மை மாருத்தை முதன்முதலில் ஓட்டியவர் தாஸ்.

உடலமைப்பு சிறந்ததாயினும் எஞ்சினுக்கு வலு போதவில்லை. எஞ்சினின் பின்புறம் மீண்டும் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் அமைப்பைப் பொருத்தினர். அதைச் சோதிக்க 1970 ஜனவரி 10 அன்று தாஸ் மேலெழுந்தார். சற்று நேரத்திலேயே விமானம் வீழ்ந்து, அவர் உயிர் நீத்தார்.

மறு ஆண்டு டிசம்பரில் ராஜஸ்தான் எல்லைப் போரில் மாருத் விமானங்கள் பறந்தன, வலு குறைந்த அந்தப் பழைய எஞ்சினோடுதான்.