பறந்தவனும் வாசலில் நின்றவரும்

சூப்பர்மேனைத் தெரியாதவன் நம் ஹாஸ்டலில் ஒருத்தன்கூட இருக்க மாட்டான். ஆனால் அந்த நீல உடையையும் சிவப்பு மேலங்கியையும் முதன்முதலில் வரைந்தவர் யார் என்று கேட்டால் முழிப்போம். அவர் பெயர் ஜோ ஷஸ்டர்.

1914 ஜூலை 10ஆம் தேதி கனடாவின் டொரண்டோ நகரில் ஒரு தையல்காரரின் மகனாகப் பிறந்தார். ஏழை யூதக் குடும்பம். சிறுவயதிலேயே தெருவில் நின்று பேப்பர் விற்றார். பிறகு குடும்பம் அமெரிக்காவின் கிளீவ்லாந்துக்குக் குடிபெயர்ந்தது.

நமக்காவது டிராயிங் போர்டு இருக்கிறது. அவருக்கு அம்மா மாவு பிசையும் பலகைதான் போர்டு. ஓய்வுநாள் ரொட்டிக்கு அம்மா பலகையைக் கேட்டால் அன்றைக்கு வரைவதற்கு லீவு! தாள் வாங்கக் காசில்லாமல் பொட்டலக் காகிதத்திலும் சுவரில் ஒட்டும் தாளின் பின்பக்கத்திலும் வரைந்தார். குளிர்காலத்தில் வீட்டில் கணப்பு இருக்காது. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கையுறை மாட்டிய கையோடு பென்சில் பிடித்தார். கண்பார்வை வேறு மட்டம்.

கிளென்வில் உயர்நிலைப் பள்ளியில் ஜெர்ரி சீகல் நண்பரானார். சீகல் எழுத, ஷஸ்டர் வரைய, 1933 வாக்கில் சூப்பர்மேன் உருவானான். ஒருமுறை பதிப்பாளர் கைவிரித்ததும் விரக்தியில் வரைந்த பக்கங்களை ஷஸ்டர் தீயில் போட்டுவிட்டார். அட்டைப்படத்தை மட்டும் சீகல் காப்பாற்றினார். வருஷக்கணக்கில் அலைந்த பிறகு 1938இல் ஒரு கம்பெனி 13 பக்கக் கதையை வாங்கியது. கொடுத்த காசு 130 டாலர், ஆளுக்கு 65. அந்தச் செக்கோடு சூப்பர்மேனின் மொத்த உரிமையும் கம்பெனிக்குப் போனது. இரண்டு பேருக்கும் அப்போது வயசு 23தான். படம் அச்சில் வந்தால் போதும் என்ற அவசரம்!

சில வருஷம் பக்கக் கூலியாக நல்ல காசு வந்தது உண்மைதான். ஆனால் 1947இல் உரிமை கேட்டு வழக்குப் போட்டார்கள். சமரசமாக ஒரு தொகை கிடைத்தது, சூப்பர்மேன் கிடைக்கவில்லை. வேலையும் போச்சு, கதையின் தலைப்பிலிருந்து அவர்கள் பெயரும் போச்சு.

இப்போது 1966க்கு வாருங்கள். நியூயார்க்கின் பிராட்வே நாடக உலகம். மார்ச் 29ஆம் தேதி ஆல்வின் தியேட்டரில் சூப்பர்மேன் இசை நாடகம் அரங்கேறுகிறது. ஹெரால்ட் பிரின்ஸ் இயக்கம், சார்லஸ் ஸ்ட்ரவுஸ் இசை, லீ ஆடம்ஸ் பாடல்கள். நோபல் பரிசு கிடைக்காத ஆத்திரத்தில் ஒரு விஞ்ஞானி வில்லனாகிறான். பாப் ஹாலிடே என்ற நடிகரைக் கம்பியில் கட்டி மேடைக்கு மேலே பறக்க விட்டார்கள். உள்ளே ஒரே கைதட்டல். அந்த ராத்திரி, டிக்கெட் வாங்கக் காசில்லாமல் தியேட்டருக்கு வெளியே ஷஸ்டர் நின்றிருந்தார் என்று சொல்வார்கள். தான் வரைந்த பிள்ளை உள்ளே பாடிக்கொண்டு பறக்கிறான், தகப்பன் தெருவில்!

நாடகமும் ரொம்ப நாள் ஓடவில்லை. அதே வருஷம் ஜனவரியில் டி.வி.யில் பேட்மேன் தொடர் ஆரம்பித்திருந்தது. வீட்டில் இலவசமாகப் பார்ப்பதற்கு யார் காசு கொடுப்பார்கள்? 129 காட்சிகளோடு ஜூலையில் திரை விழுந்தது. ஆனாலும் அதற்கு வசனம் எழுதிய டேவிட் நியூமனும் ராபர்ட் பென்டனும்தான் பின்னால் 1978இல் வந்த சூப்பர்மேன் சினிமாவின் திரைக்கதையிலும் பங்கு கொண்டார்கள்.

அந்தச் சினிமாவுக்கு ஏற்பாடு நடந்தபோதுதான் நியாயம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. 1975இல் சீகல் பத்திரிகைகளுக்குத் தங்கள் கதையை எழுதினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் போன்ற ஓவியர்கள் தோள் கொடுத்தார்கள். முடிவில் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் ஓய்வூதியம். பெயரும் திரும்ப வந்தது. பார்வை அநேகமாகப் போய்விட்டிருந்த ஷஸ்டர், 1992 ஜூலை 30இல் லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். 2014இல் அந்த 1938 புத்தகத்தின் ஒரு பிரதி 32 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

நண்பா, நாளைக்கு நீயும் நானும் ஏதாவது ஒரு கம்பெனியில் டிராயிங் போடுவோம், மெஷின் செய்வோம். திறமைக்கு நம்மிடம் குறைச்சல் இல்லை. ஆனால் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடும் முன் காகிதத்தை முழுசாகப் படி. தோள் கொடுக்க நாலு நண்பர்களையும் சேர்த்து வைத்துக்கொள். ஷஸ்டருக்கு அவர் பெயரையாவது மீட்டுக் கொடுத்தது அந்த நண்பர்கள்தான்.