மனைவியை ஊருக்குக் கூட்டிவர 8 வருஷப் போராட்டம்... செரெட்சே காமாவின் காதல் கதை!

உங்க பார்ட்னர் வேற நாட்டுல இருக்காங்களா? உங்களுக்கு காலை காபி நேரம்னா அவங்களுக்கு தூங்கப்போற நேரம். கல்யாணம் பண்ணிட்டா எல்லாம் சரியாகிடும்னு நினைச்சிருப்பீங்க. அதுக்கப்புறம்தான் ஸ்பவுஸ் விசா, வருமானச் சான்று, இந்த உறவு நிஜம்தான்னு நிரூபிக்க போட்டோ, சாட் ஹிஸ்டரின்னு வேலையே ஆரம்பிக்கும். இப்படி ஃபார்ம் நிரப்பியே களைச்சுப்போன ஒருத்தராவது உங்க ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்ல இருப்பாங்க. இந்தக் கதையை அவங்களுக்கு ஃபார்வேர்டு பண்ணுங்க.

இதுல ஹீரோ செரெட்சே காமா. போட்ஸ்வானா நாட்டோட முதல் ஜனாதிபதி. காதல் மனைவியைச் சொந்த ஊருக்குக் கூட்டிவர அவருக்கு 8 வருஷம் ஆச்சு. இத்தனைக்கும் அவர் அந்த ஊரின் ராஜா!

1921-ல் செரோவே என்ற ஊரில் பிறந்தவர் செரெட்சே. அப்போது அந்த நாட்டுக்குப் பெயர் பெச்சுவானாலாந்து, பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்த பகுதி. 4 வயதில் அப்பா இறந்துவிட, பாமங்வாட்டோ மக்களின் அரசராக அறிவிக்கப்பட்டார். குழந்தை வளரும்வரை ஆட்சியைப் பார்த்துக்கொண்டது சித்தப்பா செகெடி. கண்டிப்பான மனுஷர். ஆனால், அண்ணன் மகனைப் பெற்ற பிள்ளைபோல வளர்த்தார், நன்றாகப் படிக்க வைத்தார். அந்தப் படிப்புதான் செரெட்சேவை லண்டனுக்குக் கொண்டுபோனது.

1947-ல் அங்கே ஒரு நடன நிகழ்ச்சியில் ரூத் வில்லியம்ஸைச் சந்தித்தார். அறிமுகப்படுத்தியது ரூத்தின் அக்கா. ரூத் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கிளார்க். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் விமானப்படையின் பெண்கள் பிரிவில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். இரண்டு பேருக்கும் ஜாஸ் இசை பிடிக்கும். மீதியை நீங்களே ஊகிச்சிருப்பீங்க.

அடுத்த வருஷம் கல்யாணத்துக்குத் தேதி குறித்தார்கள். ரூத்தின் அப்பாவுக்குச் சம்மதம் இல்லை. செகெடிக்குத் தகவல் போனதும் ஆப்பிரிக்காவிலிருந்தே தடுக்கப் பார்த்தார். சர்ச்சில் திருமணம் நடத்தவிருந்த பாதிரியார் பின்வாங்கிவிட்டார். பிஷப்பிடம் போனால், அரசாங்கம் சம்மதித்தால் பார்க்கலாம் என்று கைவிரித்தார். இருவரும் 1948 செப்டம்பர் 29 அன்று கென்சிங்டன் பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். சில நிமிடங்களில் கல்யாணம் முடிந்தது.

அதன்பிறகு ரூத் லண்டனில், செரெட்சே செரோவேயில். நம்ம ஊர் பாஷையில் லாங் டிஸ்டன்ஸ். போன் பண்ணிப் பேசிக்கொள்ளும் வசதியெல்லாம் கிடையாது. கடிதமும் தந்தியும்தான்.

அவர் தனியாகப் போனது பஞ்சாயத்துக்கு. செரோவேயில் ஊர் ஆண்கள் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுக்கும் சபைக்கு `கோட்லா' என்று பெயர். 1948 நவம்பரில் நடந்த முதல் கோட்லாவில் கிட்டத்தட்ட எல்லோருமே எதிர்த்தார்கள். ராஜா கட்டவேண்டியது தங்கள் இனத்துப் பெண்ணை, வெள்ளைக்காரியை அல்ல என்பது அவர்கள் வாதம். டிசம்பரில் இரண்டாவது கூட்டம். இந்த முறை எதிர்ப்பு கொஞ்சம் இளகியது. 1949 ஜூனில் மூன்றாவது கூட்டம். தன் மனைவியை ஏற்காதவர்கள் எழுந்திருக்கும்படி செரெட்சே கேட்டார். சுமார் 40 பேர் எழுந்தார்கள். ஏற்பவர்கள் எழலாம் என்றதும், ஆயிரக்கணக்கான பேர் எழுந்து ஆரவாரம் செய்தார்கள்.

எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான். வீட்டைவிட்டு ஓடிப்போகவில்லை, ராஜா என்ற அதிகாரத்தையும் காட்டவில்லை. மூன்று முறை ஊர் முன்னால் போய் நின்று பேசியே ஜெயித்தார். தோற்ற செகெடி தன் ஆதரவாளர்களுடன் ஊரைவிட்டே வெளியேறினார். அந்த ஆகஸ்ட்டில் ரூத் செரோவே வந்து சேர்ந்தார்.

சுபம் போட்டிருக்கலாம். ஆனால், பக்கத்து நாடு தென்னாப்பிரிக்கா. அங்கே 1948-ல்தான் நிறவெறிக் கட்சி ஆட்சியைப் பிடித்திருந்தது. 1949-ல் வெள்ளையரும் மற்றவர்களும் திருமணம் செய்யத் தடைச் சட்டம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்பின ராஜாவும் வெள்ளைக்கார ராணியும் குடும்பம் நடத்துவதை அந்த அரசால் ஜீரணிக்க முடியவில்லை. பிரிட்டனுக்கோ தென்னாப்பிரிக்காவின் தங்கமும் யுரேனியமும் தேவை. போருக்குப் பிறகு கஜானா காலி.

பிரிட்டிஷ் அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. அதன் அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? செரெட்சே ஆட்சி செய்ய எல்லா வகையிலும் தகுதியானவர், இந்தக் கல்யாணம் மட்டும்தான் தடை. அரசியல் காரணம் வெளிப்படையாகத் தெரிந்துவிடும் என்பதால், அறிக்கையைப் பல பத்தாண்டுகளுக்குப் பூட்டி வைத்தார்கள்.

1950 தொடக்கத்தில், பேசலாம் வாருங்கள் என்று இருவரையும் லண்டனுக்கு அழைத்தது அரசு. கர்ப்பமாக இருந்த ரூத் போகவில்லை. இரண்டு பேரும் கிளம்பிவிட்டால் திரும்ப விடமாட்டார்கள் என்ற சந்தேகம். அது சரியாகவே இருந்தது. பதவியைத் துறந்து பிரிட்டனிலேயே இருந்துவிட்டால் வருஷத்துக்கு 1,100 பவுண்டு தருகிறோம் என்றார்கள். செரெட்சே மறுத்தார். 5 வருஷம் சொந்த நாட்டுக்குள் நுழையத் தடை விதித்தார்கள். லண்டனில் பிறந்த மனைவி ஆப்பிரிக்காவில், செரோவேயில் பிறந்த கணவர் லண்டனில்!

ஊர் கொதித்தது. இந்த முடிவை விளக்க, பிரிட்டிஷ் உயர் அதிகாரி முழுச் சீருடையில் கோட்லாவுக்கு வந்தார். கேட்க ஒரு ஆள்கூட வரவில்லை. காலி மைதானம். வரி கட்டவும் மக்கள் மறுத்தார்கள்.

மே மாதம் மகள் ஜாக்குலின் பிறந்தாள். செரெட்சே தற்காலிகமாக வந்துபோக மட்டும் அனுமதி. ஆகஸ்ட்டில் மூன்று பேருமாக லண்டன் கிளம்பினார்கள். 1952-ல் அடுத்து வந்த அரசு, 5 வருஷத் தடையை நிரந்தரமாக்கியது. எதிர்க்கட்சியாக இருந்தபோது இதே விஷயத்தைக் கண்டித்துப் பேசியவர்கள்தான் அவர்கள். கூடவே, ஜமைக்காவில் ஒரு அரசு வேலை தருகிறோம் என்றும் ஆசை காட்டினார்கள். உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் இரு, உன் ஊரில் மட்டும் இருக்காதே என்பதுதான் அதற்கு அர்த்தம். அதற்கும் செரெட்சே சம்மதிக்கவில்லை. லண்டனிலேயே காத்திருந்தார்கள்.

கடைசியில் முடிச்சு அவிழ்ந்தது குடும்பத்துக்குள்தான். செகெடி மனம் மாறி அண்ணன் மகனுடன் சமாதானமானார். 1956-ல் இருவருமே அரச பதவிக்கான உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று: செரெட்சே தன் மனைவி, குழந்தைகளுடன் ஊரில் சாதாரணக் குடிமகனாக வாழலாம். அரியணை கொடுத்து வாங்கிய ரெசிடென்ஸ் பர்மிட் என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1962-ல் கட்சி தொடங்கினார். 1965-ல் பிரதமர். 1966 செப்டம்பர் 30 அன்று போட்ஸ்வானா விடுதலை பெற்றபோது அதன் முதல் ஜனாதிபதி. பிரிட்டிஷ் அரசு அதே வருஷம் அவருக்கு சர் பட்டமும் கொடுத்தது. யாரை உள்ளே விடமாட்டோம் என்றார்களோ, அந்த ரூத் இப்போது லேடி காமா! 2016-ல் `எ யுனைடெட் கிங்டம்' என்று சினிமாவாகவும் வந்தது. நேரமிருந்தா பாருங்க.

1980 ஜூலையில் செரெட்சே இறந்தார். வயது 59 தான். ரூத் இங்கிலாந்துக்கே திரும்பிவிடுவார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அவர் போகவில்லை. செஞ்சிலுவைச் சங்க வேலைகளோடு இன்னும் 22 வருஷம் அங்கேயே வாழ்ந்தார். 2002-ல் இறந்தபோது, செரோவேயில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.