புதுமைப்பித்தன் உயிரைப் பறித்த காசநோய்: இன்று மருந்து இலவசம்... அப்புறமும் ஏன் ஒழியவில்லை?

தமிழ்ச் சிறுகதை என்றதும் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று புதுமைப்பித்தன். 42 வயதில் அவர் உயிரைப் பறித்தது காசநோய். இன்று அதே நோய்க்கு அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். ஆனாலும் நோய் ஒழிந்தபாடில்லை. ஏன்? அவரது கடைசி ஓராண்டையும், கம்பம் பள்ளத்தாக்கில் விடியற்காலையில் கிளம்பும் ஜீப்களையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் புரியும்.

யார் இந்த விருத்தாசலம்?

புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ.விருத்தாசலம். 1906 ஏப்ரல் 25-ல் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். அப்பா தாசில்தார். நெல்லையில் பி.ஏ. முடித்தவர், 1931-ல் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கமலாவைத் திருமணம் செய்துகொண்டார். மணிக்கொடியில் கதைகள், தினமணியிலும் தினசரியிலும் பத்திரிகை வேலை. சுமார் 15 ஆண்டுகளில் ஏறக்குறைய நூறு சிறுகதைகள் எழுதினார். பொன்னகரம், சாபவிமோசனம், கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் எல்லாம் அந்தக் காலத்தில் வந்தவைதான்.

பெயர் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. அதனால் சினிமா பக்கம் போனார். வசந்தவல்லி என்ற படத்தைச் சொந்தமாகத் தயாரிக்க முயன்றார். அது கைகூடவில்லை.

புனேயில் என்ன நடந்தது?

எம்.கே.தியாகராஜ பாகவதர் நடித்த ராஜமுக்தி படத்துக்கு வசனம் எழுத 1947-ல் புனே போனார். குடும்பத்தை விட்டு தூரத்தில் வேலை. அங்கேதான் காசநோய் அவரை முடக்கியது. 1948 மே மாதம் திருவனந்தபுரம் திரும்பினார். ஜூன் 30-ம் தேதி இறந்தார். அப்போது மகள் சின்னக் குழந்தை.

அப்போது மருந்தே இல்லையா?

இருந்தது. காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943-லேயே அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதைப் பற்றிய பிரிட்டனின் புகழ்பெற்ற ஆய்வு வெளியானது 1948 அக்டோபர் 30-ல். அதாவது, புதுமைப்பித்தன் இறந்து சரியாக 4 மாதம் கழித்து. அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அதனால்தான் இன்றுவரை பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

அடுத்த திருப்பம் சென்னையில் வந்தது. 1956-ல் இங்கு தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுபவர்களையும் சானடோரியத்தில் தங்கியவர்களையும் ஒப்பிட்டது. இரண்டு தரப்புக்கும் ஏறக்குறைய ஒரே பலன். 1959-ல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்க சிகிச்சை முறையையே மாற்றியது. 1962-ல் இந்தியாவின் தேசிய காசநோய்த் திட்டம் வந்தது.

இப்போது நிலைமை என்ன?

2015-ஐ ஒப்பிடும்போது புதிய நோயாளிகளை 2025-க்குள் 80% குறைக்க வேண்டும் என்பது இந்தியாவின் இலக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2015-ல் லட்சம் பேருக்கு 237 ஆக இருந்த எண்ணிக்கை 2024-ல் 187 ஆனது. சரிவு சுமார் 21%. முன்னேற்றம்தான், ஆனால் இலக்கு எட்டவில்லை.

தமிழ்நாடு 2022-ல் காசநோய் இறப்பில்லா திட்டத்தைத் தொடங்கியது. நோய் உறுதியானதுமே எடை, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, எழுந்து நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்ப்பதுதான் இதன் வேலை.

கம்பத்துக்கு என்ன சம்பந்தம்?

கம்பம், போடி, உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து தினமும் ஏராளமானோர் ஜீப்பில் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். பலர் பெண்கள். பொழுது சாய்ந்துதான் வீடு திரும்ப முடியும். ஒருநாள் லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு.

இப்படி வாழ்பவருக்கு இருமல் வந்தால், ஆஸ்பத்திரிக்குப் போவது தள்ளிக்கொண்டே போகும். மருந்து தொடங்கினாலும் பெரும்பாலானோருக்கு குறைந்தது 6 மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். சில வாரங்களிலேயே உடம்பு தேறிவிடும். நல்லாத்தானே இருக்கோம் என்று பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பலாம், மருந்துக்கு அடங்காத வகையாகவும் மாறலாம்.

இதற்குத்தான் நிக்‌ஷய் பதிவு எண். மாநிலம் மாறினாலும் சிகிச்சையை அங்கே தொடரலாம். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். தோட்டக் கூலியோடு ஒப்பிட்டால் இது சில நாள் சம்பளம்தான்.

2 வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், எடை குறைவது, சளியில் ரத்தம். இதில் ஒன்று இருந்தாலும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பரிசோதிக்கலாம். தேனி மாவட்டத்தில் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது.

பிழைப்புக்காகப் புனே போன புதுமைப்பித்தனுக்கு இந்த வழி இருக்கவில்லை. விடியுமுன் ஜீப் ஏறுபவருக்கு இருக்கிறது. கூலியை இழக்காமல் அவர் அதைப் பயன்படுத்த முடிகிறதா என்பதுதான் இப்போதைய கேள்வி.