தின்குழியங்களைக் கண்டறிந்த இலியா மெச்னிக்கோவ்

மாணவர்களே, இறாலும் சிப்பியும் நம்மைப் போன்று பிறபொருளெதிரிகளை உற்பத்தி செய்வதில்லை. அவ்வாறாயின், நுண்ணங்கிகள் நிறைந்த நீரில் அவை எவ்வாறு உயிர் வாழ்கின்றன? இவ்வினாவுக்கான விடையின் முதற்பகுதியைக் கண்டறிந்தவர் இலியா மெச்னிக்கோவ் ஆவார். அவரது வாழ்க்கையை அறிந்துகொண்டால், நிர்ப்பீடனம் என்னும் பாடப்பகுதி உங்களுக்கு எளிதில் விளங்கும்.

பிறப்பும் கல்வியும்

மெச்னிக்கோவ் 1845ஆம் ஆண்டு மே மாதம், அன்றைய ரஷ்யப் பேரரசின் கார்கோவ் நகருக்கு அண்மையில் பிறந்தார். இவ்விடம் இன்று உக்ரேனில் உள்ளது. கார்கோவ் பல்கலைக்கழகத்தின் நான்கு ஆண்டுக் கற்கையை இரண்டே ஆண்டுகளில் முடித்த அவர், மேற்படிப்பிற்காக ஜேர்மனி சென்றார். அங்கு 1865இல் தட்டைப்புழு ஒன்றை ஆராய்ந்தபோது, அதன் கலங்கள் உணவுத் துணிக்கைகளைத் தம்முள் எடுத்துச் சமிபாடடையச் செய்வதை அவதானித்தார். 1870இல் ஒடேசாப் பல்கலைக்கழகத்தில் விலங்கியற் பேராசிரியரானார். 1873இல் அவரது முதல் மனைவி காசநோயால் இறந்தார். பின்னர் பல்கலைக்கழகத்தில் அரசியற் குழப்பங்கள் மிகுந்தமையால், 1882இல் பதவியைத் துறந்து குடும்பத்துடன் இத்தாலியின் மெசினா நகருக்குச் சென்றார்.

முள்ளும் குடம்பியும்

மெசினாவில் ஒருநாள் குடும்பத்தினர் சர்க்கஸ் பார்க்கச் சென்றிருந்தனர். தனித்திருந்த மெச்னிக்கோவ், நட்சத்திர மீனின் ஒளிபுகும் குடம்பியை நுணுக்குக்காட்டியில் நோக்கிக்கொண்டிருந்தார். உணவை விழுங்கும் கலங்கள், உடலினுள் புகும் பகைப் பொருளையும் விழுங்குமோ என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. உடனே தோட்டத்திலிருந்து ரோசா முட்களை எடுத்து வந்து, குடம்பியின் தோலின் கீழ் செருகினார். மறுநாட் காலையில், அசையும் கலங்கள் முட்களைச் சூழ்ந்து நின்றன.

இச்சோதனையின் சிறப்பை நீங்கள் கவனிக்க வேண்டும். அக்குடம்பியில் குருதிக்கலன்கள் இல்லை. எனவே, கலங்கள் திரண்டமைக்குக் குருதியோட்டம் காரணமாக இருக்க முடியாது. பாதுகாப்பு என்பது கலங்களுக்கே உரிய தொழில் என அவர் முடிவு செய்தார். இக்கலங்களே தின்குழியங்கள் எனப்பட்டன.

அடுத்து, டப்னியா என்னும் சிறிய நன்னீர்க் கிறஸ்ரேசியாவை அவர் ஆராய்ந்தார். அதன் உணவுடன் ஊசி வடிவான மதுவ வித்திகள் உட்சென்று, குடற்சுவரைத் துளைத்து உடற்குழியை அடைந்தன. குருதிக் கலங்கள் அவ்வித்திகளை விழுங்கி அழித்தபோது விலங்கு பிழைத்தது. வித்திகள் முந்திக்கொண்டு பெருகியபோது விலங்கு இறந்தது. இம்முடிவுகளை 1884இல் வெளியிட்டார்.

எதிர்ப்பும் வெற்றியும்

வெண்குருதிக் கலங்கள் கிருமிகளை உடலெங்கும் காவிச் செல்கின்றன என்றே அக்காலத்து மருத்துவர் பலர் கருதினர். குருதியின் பாயப் பகுதியே கிருமிகளைக் கொல்கின்றது என வேறு சிலர் வாதிட்டனர். 1888இல் பாரிஸிலுள்ள பாஸ்ரர் நிறுவனத்தில் இணைந்த மெச்னிக்கோவ், பல ஆண்டுகள் தமது கொள்கைக்காக வாதாடினார். ஈற்றில் இரு தரப்பிலும் உண்மை இருந்தமை தெளிவாகியது. 1908இல் கலங்களை ஆராய்ந்த மெச்னிக்கோவுக்கும் பிறபொருளெதிரிகளை ஆராய்ந்த போல் ஏர்லிச்சுக்கும் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. மெச்னிக்கோவ் 1916 ஜூலை 15ஆம் திகதி பாரிஸில் காலமானார்.

பண்ணை இறாலும் வைரசும்

டப்னியாவைப் போன்று இறாலும் ஒரு கிறஸ்ரேசியாவாகும். அதன் குருதிக் கலங்களும் பற்றீரியாக்களை விழுங்குகின்றன. பெரிய பகைப் பொருட்களைச் சூழ்ந்து கருநிற மெலனினால் மூடுகின்றன. எனினும், வைரசு கலத்தின் உள்ளேயே சென்று பெருகுவதால், வெளியே நின்று விழுங்குவது மட்டும் போதாது. ஆகவே, கலம் தன்னுள்ளேயே போராட வேண்டியுள்ளது. வைரசு பெருகும்போது தோன்றும் ஈரிழை ஆர்.என்.ஏ.யை டைசர் என்னும் நொதியம் சிறு துண்டுகளாக வெட்டுகிறது. அத்துண்டுகளின் வழிகாட்டலில் வேறொரு புரதம் வைரசின் தூது ஆர்.என்.ஏ.யை இனங்கண்டு அழிக்கிறது. இதுவும் பயனளிக்காவிடின், தொற்றுற்ற கலம் தானே இறந்து வைரசு பரவுவதைத் தடுக்க முயல்கின்றது.

இப்பாதுகாப்பு எப்போதும் வெல்வதில்லை. 1996இல் வெண்புள்ளி நோய் வைரசு புத்தளம் மாவட்ட இறால் பண்ணைகளுக்குப் பேரிழப்பை ஏற்படுத்தியது. பிறபொருளெதிரிகள் இல்லாமையால், மனிதருக்குப் போன்று தடுப்பூசி மூலம் இறாலில் அவற்றைத் தோற்றுவிக்க முடியாது. ஆகவே நோயற்ற குஞ்சுகளைத் தெரிவு செய்வதும், குளத்து நீரைத் தூய்மையாகப் பேணுவதும் பண்ணையாளரின் முதற் கடமைகளாகும்.

நினைவிற் கொள்க

1. தின்குழியச் செயல் என்பது கலங்கள் அந்நியத் துணிக்கைகளை விழுங்கி அழித்தலாகும்.
2. முள்ளந்தண்டிலிகளில் பிறபொருளெதிரிகள் இல்லை. கலங்களும் பாயத்திலுள்ள எதிர்ப்புப் பதார்த்தங்களுமே பாதுகாப்பளிக்கின்றன.
3. வைரசுக்கு எதிரான போராட்டம் பெரும்பாலும் கலத்தினுள்ளேயே நிகழ்கின்றது.

பயிற்சி வினாக்கள்

1. குருதிக்கலன்கள் அற்ற குடம்பியைப் பயன்படுத்தியமை மெச்னிக்கோவின் முடிவை எவ்வாறு வலுப்படுத்தியது?
2. பற்றீரியாவையும் வைரசையும் இறாலின் கலங்கள் எதிர்கொள்ளும் முறைகளிலுள்ள வேறுபாடு ஒன்றைத் தருக.