கொள்ளிடம் உல்லம் மீனும் நிக்கல்சனும்: யார் இவர்?

கூட்டுறவு வங்கின்னாலே பிரடெரிக் நிக்கல்சன் பேர் வந்துடும். ஆனா இவருக்கு ஒரு மீன் கதையும் இருக்கு. 1846-ல் பிறந்தவர், ஐ.சி.எஸ். அதிகாரி. ஓய்வுக்குப் பிறகு, 1907-ல் உருவான சென்னை மாகாண மீன்வளத் துறையை வழிநடத்தினார்.

உல்லம் (வங்காளிகளின் ஹில்சா) சால்மன் மாதிரிதான்: கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறும். 1836-ல் கட்டிய கீழணை அதை அணைக்கரையிலேயே மறித்தது. மீன் ஏற வழி அமைத்தும் பலனில்லை (உல்லத்துக்கு அது பிடிக்கல போல!). நிக்கல்சன் காலத்தில், 1909-ல், துறையைச் சேர்ந்த வில்சன் அங்கேயே சினை எடுத்துச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க முயன்றார். இந்தியாவில் உல்லத்துக்கு அதுதான் முதல் முயற்சி.

1934-ல் மேட்டூர் அணை வந்தது. வெள்ளம் குறைய, கொள்ளிடத்தில் உல்லமும் குறைந்தது. 1936-ல் நிக்கல்சன் காலமானார்.