பாலியல் படம் பார்த்தா ஆணுக்கு மட்டும்தான் கிளர்ச்சியா? கணக்கெடுத்த ஆல்ஃபிரட் கின்ஸியின் கதை!

ஆண்கள் கண்ணால் கிளர்ச்சி அடைவார்கள், பெண்கள் அப்படி இல்லை. பல பேர் இன்னைக்கும் நம்புற விஷயம் இது. இதை ஆயிரக்கணக்கானவர்களிடம் நேரடியாகவே கேட்டுப் பார்த்தவர் அமெரிக்க உயிரியலாளர் ஆல்ஃபிரட் கின்ஸி.

யார் இந்த கின்ஸி?

1894-ல் நியூ ஜெர்சி மாகாணத்தின் ஹோபோகனில், மதக் கட்டுப்பாடு மிகுந்த குடும்பத்தில் பிறந்தார். ஹார்வர்டில் படித்து முடித்து, 1920-ல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போ அவர் ஆராய்ந்தது செக்ஸ் இல்லீங்க, குளவி! ஓக் மரத்தில் முடிச்சு உண்டாக்கும் சின்னக் குளவிகளை லட்சக்கணக்கில் சேகரித்தார்.

1938-ல் திருமண வாழ்க்கை பற்றிய வகுப்பு எடுக்கத் தொடங்கினார். மாணவர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல நம்பகமான தரவுகளே இல்லை. அதுதான் திருப்புமுனை. ஆட்களைப் பேட்டி எடுக்க ஆரம்பித்தார். 1947-ல் அதற்கென ஓர் ஆய்வு நிறுவனமும் உருவானது.

என்ன சொன்னார்?

1948-ல் ஆண்கள் பற்றியும் 1953-ல் பெண்கள் பற்றியும் அவரது புத்தகங்கள் வெளியாகின. இரண்டாவது புத்தகத்துக்குப் பேசிய பெண்கள் 5,940 பேர். நிர்வாணப் படங்கள் கிளர்ச்சி தந்ததாகச் சொன்ன ஆண்கள் 54%, பெண்கள் 12%. ஆனா கதை, நாவல் படிக்கும்போது கிளர்ச்சி அடைந்தவர்கள் இரு தரப்பிலும் கிட்டத்தட்ட சமம்!

சும்மா விடுவார்களா? எதிர்ப்பு வெடித்தது. 1954-ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை நிதியை நிறுத்தியது. ஆய்வுக்காக வரவழைத்த பாலியல் படங்களைச் சுங்கத்துறை பறிமுதல் செய்து வழக்கு நடந்தது. 1956-ல், 62 வயதில் கின்ஸி இறந்துபோனார். அடுத்த ஆண்டே நீதிமன்றம் அவரது நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது.

எங்கே இடிக்குது?

கின்ஸியின் எண்கள் எல்லாம் வாய்மொழிப் பதில்கள். பேசியவர்கள் வெள்ளையினப் பெண்கள், அதுவும் தாங்களாக முன்வந்தவர்கள். அந்தக் கால அமெரிக்காவில் ஒரு பெண் இதை ஒப்புக்கொள்வதே பெரிய விஷயம்.

1970-களில் ஜூலியா ஹைமன் என்ற உளவியலாளர், பாலியல் காட்சிகளை ஒலிப்பதிவாகக் கேட்க வைத்து, பிறப்புறுப்பின் ரத்த ஓட்டத்தைக் கருவியால் அளந்தார். பெண்களின் உடலும் தெளிவாகவே எதிர்வினை காட்டியது. ஆனா சில பெண்கள், எதுவும் தோணலைன்னு சொன்னார்கள். இதே ஹைமன்தான் 2004-ல் கின்ஸி நிறுவனத்தின் இயக்குநர் ஆனார்.

2010-ல் 132 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உடல் காட்டுவதும் வாய் சொல்வதும் எவ்வளவு பொருந்துது? முழுப் பொருத்தம் 1 என்றால், ஆண்களுக்கு 0.66, பெண்களுக்கு 0.26.

நமக்கு ஏன் முக்கியம்?

அப்போ பெண்கள் பொய் சொல்றாங்களா? அப்படி முடிவு கட்ட முடியாது. விருப்பமே இல்லாமலும் உடல் தானாக எதிர்வினை காட்டலாம். பாலியல் வன்முறையின்போதும் அது நடக்கலாம், ஆணுக்கும் சரி, பெண்ணுக்கும் சரி. அது சம்மதம் ஆகாது. அப்படி நடந்ததை நினைத்துக் குற்ற உணர்வில் தவிப்பவர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய உண்மை இது.

ரத்த ஓட்டத்தை அளக்க கருவி வந்துவிட்டது. விருப்பத்தை அளக்க இன்னும் வரவில்லை. அதை, கின்ஸி செய்த மாதிரி, கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்.